வரியன் போட்ட அதட்டு

ஒரு காட்டில் என்று தொடங்கினால் உங்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் என்ன செய்வது குழந்தைகளே, இந்தக் கதை நடந்த இடத்தில் மரமும் இல்லை, மலையும் இல்லை. தூத்துக்குடியில் லூர்து டீச்சர் வீட்டுக் கூடத்தில், டி.வி.க்குப் பக்கத்தில், நாலடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதற்குள் உப்புத் தண்ணீர், கொஞ்சம் பாறை, கொஞ்சம் மணல். அதுதான் நம்முடைய காடு. சிங்கமும் நரியும் அங்கே இல்லை. அவை செய்கிற வேலைகளைச் செய்ய மட்டும் ஆள் இருந்தது.

தொட்டியின் நடுவில், பாறையை ஒட்டி, ஒரு கம்பளச் சாமந்தி உட்கார்ந்திருந்தது. சாமந்தி என்றதும் பூ என்று நினைத்துவிடாதீர்கள். இது கடல்சாமந்தி. வாயும் வயிறும் உள்ள பிராணி. சோற்றுத் தட்டைவிட அகலமாக விரிந்து கிடக்கும். மேலே பச்சைக் கம்பளம் போல ஆயிரம் குட்டி விரல்கள். அந்த விரல்கள் மேல் ஒரு மீன் தெரியாமல் உரசினால் போதும், நெருப்பாகச் சுடும், பசையாக ஒட்டும், பிறகு கம்பளம் மெல்ல மடிந்து மீனை வாய்க்குள் தள்ளிவிடும். இத்தனைக்கும் சாமந்திக்குக் கண் கிடையாது, காது கிடையாது. நல்லவன் கெட்டவன் தெரியாது. தொட்டால் தெரியும், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை லூர்து டீச்சர் பிளாஸ்டிக் பையில் இரண்டு கோமாளி மீன்களை வாங்கி வந்தார். ஆரஞ்சு நிற உடம்பு, குறுக்கே மூன்று வெள்ளை வரி. ஒருத்தி மாதுளை. மற்றவன் அவள் கணவன் வரியன். கோமாளி மீன் குடும்பத்தில் மனைவிதான் உருவத்தில் பெரியவள், அதிகாரத்திலும் பெரியவள். வரியன் அவளில் பாதிதான் இருப்பான்.

இருவரும் கடைத் தொட்டியில் பிறந்து வளர்ந்தவர்கள். கடலையும் பார்த்ததில்லை, சாமந்தியையும் பார்த்ததில்லை. ஆனாலும் கோமாளி மீனுக்குச் சாமந்திதான் வீடு என்பது அவர்கள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. வீடு எது என்று தெரிந்தால் போதுமா? உள்ளே போகத் தெரிய வேண்டாமா?

அதற்கு ஒரே வழிதான் உண்டு. முதலில் வால் நுனியால் சாமந்தியைத் தொட வேண்டும். சுடும். விலகிப்போய்க் கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் தொட வேண்டும். பிறகு வயிற்றுத் துடுப்பு. பிறகு விலாப் பக்கம். ஒவ்வொரு தொடலுக்கும் சாமந்தியின் வழுவழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக மீனின் உடம்பில் ஏறும். ஏற ஏற, இது நம் உடம்புதான் போலிருக்கிறது என்று சாமந்தி சும்மா இருந்துவிடும். கோமாளி மீன்களுக்கு மட்டும் வாய்த்த வழி அது. அதிலும் குறுக்கு வழி கிடையாது.

மாதுளை வரியன் கண் முன்னாலேயே அதைச் செய்தாள். தொட்டாள், சுட்டது, விலகினாள், திரும்பவும் தொட்டாள். மறுநாள் சாயங்காலம் கம்பளத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

"வாய்யா உள்ள. கொஞ்சம் சுடும், பழகிடும்" என்று கூப்பிட்டாள்.

வரியன் வால் நுனியால் ஒரே ஒரு தடவை தொட்டான். "ஐயோ!" என்று அலறிக்கொண்டு தொட்டியின் கோடிக்குப் பறந்தான். தண்ணீரைச் சூடாக வைக்கிற குழாய் ஒன்று அங்கே நின்றது. அதன் பின்னால் ஒளிந்தவன் மூன்று நாள் வெளியே வரவில்லை. அழுதான். தண்ணீருக்குள் அழுகிறவனைப் பார்த்தால் அழுகிற மாதிரியே இருக்காது என்பது ஒன்றுதான் அவனுக்கு ஆறுதல்.

நாலாம் நாள் வெட்கம் தாங்காமல் வெளியே வந்தான். மற்ற மீன்கள் எல்லாம் தீனிக்கு மேலே கூடியிருக்கும் நேரம் பார்த்து, யாருக்கும் தெரியாமல் போய்த் தொட்டான். முனகிக்கொண்டே தொட்டான். நாலு நாள் தீனியை விட்டுவிட்டு அப்படித் தொட்டுத் தொட்டு, எட்டாம் நாள் கம்பளத்துக்குள் நுழைந்துவிட்டான்.

இதுவரைக்கும் தப்பு ஒன்றும் இல்லை, பாருங்கள். பயந்தான், அப்புறம் துணிந்தான். அதைச் சொல்லிக்கொள்ள எந்த மீனும் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் வரியன் கூச்சப்பட்டான்.

அந்தத் தொட்டியில் மீசை என்று ஒரு இறால் இருந்தாள். மீன்களின் வாயையும் செவுளையும் சுத்தம் செய்வது அவள் தொழில். ஒரு பாறை மேல் நின்று நீள மீசையை ஆட்டினால், மீன்கள் வரிசையாக வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். வாயைத் திறந்துகொண்டு நிற்கிறவன் பேச முடியாது அல்லவா? அதனால் பேச்சு முழுக்க மீசையுடையது. ஒருவன் சேதி இன்னொருவன் காதுக்குப் போவதெல்லாம் அங்கேதான்.

"என்ன தம்பி, கம்பளத்துக்குள்ள ராஜா மாதிரி இருக்கீங்க? எப்படி விட்டா அந்தச் சாமந்தி?" என்று மீசை கேட்டாள்.

குழாய்க்குப் பின்னால் கிடந்த மூன்று நாளும் வரியன் நினைவுக்கு வந்தது. உடம்பெல்லாம் கூசியது. வாய் முந்திக்கொண்டது.

"எப்படியா? ஒரு அதட்டு போட்டேன் அக்கா. அடங்கிட்டா."

"அதட்டினா கேப்பாளா?"

"நான் அதட்டினா கேப்பா."

மறுநாளைக்குள் தொட்டி முழுக்க அந்தச் சேதி பரவிவிட்டது. வரியன் வெளியே வந்தால் மீன்கள் வழி விட்டன. நீலன் என்று ஒரு சண்டைக்கார மீன் இருந்தான். உடம்பு விரல் நீளம்தான், வாலை மட்டும் விட்டுவைக்க மாட்டான், யாருடையதாக இருந்தாலும் கடிப்பான். அந்த நீலனே வரியனைக் கண்டால் ஒதுங்கி நின்று, "வாங்க, முதல்ல நீங்க சாப்பிடுங்க" என்றான்.

வரியனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போன பொய்யைச் சும்மா விட முடியுமா? தீனி போட்டு வளர்க்க வேண்டியதாயிற்று.

தொட்டிக்கு மேலே இருந்த விளக்கு தினமும் காலை பத்து மணிக்குத் தானாக எரியும். எரிந்ததும், சுருண்டு கிடக்கும் சாமந்தி மெதுவாக விரியும். வெளிச்சம்தான் அதற்குப் பாதிச் சாப்பாடு. வரியன் நாலு நாள் கவனித்தான். ஐந்தாம் நாள், விளக்கு எரிந்த அந்த நொடியில் சாமந்தி முன்னால் போய் நின்று, "ம்! எந்திரி!" என்று ஒரு அதட்டுப் போட்டான். சாமந்தி விரிந்தது. பார்த்த மீன்கள் வாயைப் பிளந்தன.

டீச்சர் போடும் மீன் துண்டு ஒன்றைக் கவ்விவந்து கம்பளத்தின் மேல் போட்டுவிட்டு, "ம்! சாப்பிடு!" என்பான். துண்டு பட்ட இடம் தானாக மடியும். "ஆகா, ஆகா" என்று மீசை மீசையை ஆட்டுவாள்.

மாதுளை இதையெல்லாம் கம்பளத்துக்குள் இருந்தபடி பார்த்தாள்.

"ஏன்யா, அவளுக்குக் காதே கிடையாதே. யாரை அதட்டுற நீ?"

"உனக்கென்ன? ஊர்ல நாலு பேரு மதிக்கிறாங்க. விடேன்."

அவளும் விட்டுவிட்டாள். இவனால் யாருக்கு என்ன கெடுதி வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள்.

ஒரு மாதம் போயிற்று. லூர்து டீச்சர் இன்னொரு மீன் வாங்கி வந்தார். மணல் நிறத்தில் ஒரு உளுவை மீன். மேலெல்லாம் பழுப்புப் புள்ளி. அதனால் புள்ளியான் என்று பெயர். தரையோடு தரையாக ஊர்ந்து, மணலை வாயில் அள்ளி, சலித்துத் துப்பி, கிடைத்ததைத் தின்கிற சாது. யார் எதைச் சொன்னாலும் "அப்படியா அண்ணே" என்று நம்பிவிடுவான்.

நீலனுக்குக் கேட்க வேண்டுமா? புது வால் ஒன்று வந்திருக்கிறது! முதல் நாளே விரட்டினான். புள்ளியான் பாறைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் போய் நெரிந்துகொண்டு நின்றான். சாப்பிட வெளியே வந்தால் கடி. நாலே நாளில் வயிறு ஒட்டிப்போயிற்று. இன்னும் ஒரு வாரம் இப்படி இருந்தால் அவன் செத்துப்போவான் என்பது பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது.

மீசைதான் அவனுக்கு யோசனை சொன்னாள். "பேசாம வரியன் தம்பிகிட்ட போய்ச் சொல்லு. அந்தக் கம்பளமே அவர் சொல் கேக்கும். இந்த நீலன் எம்மாத்திரம்?"

புள்ளியான் பயந்து பயந்து வந்தான். கம்பளத்துக்கு ஒரு முழம் தள்ளியே நின்றான்.

"அண்ணே, நான் புள்ளியான். புதுசா வந்திருக்கேன். எனக்கு ஒதுங்க இடமே இல்லண்ணே. நீலன் அடுத்த தடவை விரட்டினா இந்தக் கம்பளத்துக்குள்ள ஒரு நிமிஷம் ஒளிஞ்சிக்கலாமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்னு அக்கா சொன்னாங்க."

வரியனுக்குப் பக்கென்றது. இல்லை தம்பி, வராதே, செத்துப்போவாய் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், "ஏன், நீங்க அதட்டினா கேப்பாளே?" என்று கேட்பான். பின்னாலேயே மீசை நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் நாலு மீன் நிற்கிறது.

"அதுக்கென்ன" என்றான் வரியன். "என் பேரைச் சொல்லு. விட்டுடுவா."

"பேரைச் சொன்னா போதுமாண்ணே?"

"வரியன் ஆளுன்னு சொல்லு. போதும்."

புள்ளியானுக்குக் கண்ணெல்லாம் மின்னியது. "நான் உங்களை மறக்கவே மாட்டேண்ணே" என்று சொல்லிவிட்டு, மணலில் வாலை ஆட்டி ஆட்டிப் போனான்.

அவன் தலை மறைந்ததும் மாதுளை முன்னால் வந்தாள்.

"என்னய்யா சொல்லி அனுப்பியிருக்க? அவன் நம்பி வந்துட்டான்னா?"

"எங்க வரப்போறான்? அவன் பயந்த சுபாவம். ஒரு தைரியத்துக்குச் சொன்னேன்."

"போய் உண்மையைச் சொல்லிட்டு வா."

"நாளைக்குச் சொல்றேன்."

நாளைக்குச் சொல்லவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தான். மறுநாள் மீசையிடம் கூட்டமாக இருந்தது. மூன்றாம் நாள் அவனுக்கே அது மறந்துபோயிற்று. தான் பயப்படுகிற விஷயங்களை மறப்பதில் வரியன் கெட்டிக்காரன்.

மூன்றாம் நாள் மதியம், டீச்சர் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். வரியன் மீசையின் பாறையில் வாயைத் திறந்துகொண்டு நின்றான். அப்போது எதிர்ப்பக்கத்தில் மணல் புகையாக எழுந்தது. நீலன் புள்ளியானை விரட்டிக்கொண்டு வந்தான். புள்ளியான் பாறையைச் சுற்றி ஓடினான், குழாயைச் சுற்றி ஓடினான், போக்கிடம் இல்லாமல் கம்பளத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"வரியன் அண்ணன் ஆளு நான்!" என்று கத்தினான். "வரியன் அண்ணன் சொல்லித்தான் வர்றேன்!"

கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்தான்.

கம்பளத்துக்கு வரியனும் தெரியாது, அவன் ஆளும் தெரியாது. ஆயிரம் விரல்களும் ஒட்டின. புள்ளியானின் வால் முழுக்கச் சிக்கியது. அவன் துள்ளினான், துள்ளத் துள்ள இன்னும் ஒட்டியது. கம்பளத்தின் ஓரம் மெல்ல மடிய ஆரம்பித்தது.

நீலன் அரண்டுபோய் நின்றுவிட்டான். எல்லா மீன்களும் வரியனைத் திரும்பிப் பார்த்தன.

இந்த இடத்தில் வரியன் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். ஓடிப்போய் இழுத்திருக்க வேண்டும். அவனைத்தான் சாமந்தி சுடாதே! ஆனால் இத்தனை பேர் பார்க்கும்போது ஓடிப்போய் இழுத்தால், அப்போ அதட்டு என்ன ஆச்சு என்று கேட்பார்களே. வரியன் நின்ற இடத்திலேயே நெஞ்சை நிமிர்த்தினான்.

"விடு அவனை!" என்று அதட்டினான்.

கம்பளம் மடிந்தது.

"நான் வரியன் சொல்றேன். விடு!"

இன்னும் மடிந்தது. புள்ளியானின் பாதி உடம்பு மறைந்துவிட்டது.

"விடுன்னு சொல்றேன்ல!"

மூன்றாவது அதட்டு முடிவதற்குள் மாதுளை கம்பளத்தின் அடியிலிருந்து சீறிக்கொண்டு வந்தாள். புள்ளியானின் பக்கத் துடுப்பைக் கவ்வினாள். தலையை இப்படியும் அப்படியும் உதறி இழுத்தாள். ஏதோ கிழிகிற மாதிரி இருந்தது. புள்ளியான் வெளியே வந்து மணலில் விழுந்தான். அவன் வாலில் முக்கால்வாசி கம்பளத்திலேயே தங்கிவிட்டது.

மாதுளை ஒரே ஒரு தடவை வரியனைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

சாயங்காலம் மீசை புள்ளியானின் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வரியன் போனான். போகாமல் இருக்க முடியவில்லை. போய் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. கிட்டே போனதும் புள்ளியான் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை.

"கோவிச்சுக்காதீங்கண்ணே" என்றான்.

"என்னது?"

"நான்தான் சரியா சொல்லல. ஓடி வந்த வேகத்துல உங்க பேரை அரைகுறையா சொல்லிட்டேன். என்னால உங்க பேருதான் கெட்டுப்போச்சு. அடுத்த தடவை நிறுத்தி நிதானமா சொல்றேண்ணே."

மீசையும் தலையை ஆட்டினாள். "அதான் நானும் சொன்னேன் தம்பி. இவன் கத்தின கத்துல எனக்கே பேரு விளங்கல. அவளுக்கு எங்க விளங்கும்?"

குழந்தைகளே, வரியனுக்கு முன்னால் இப்போது ஒரு கதவு திறந்திருந்தது. அவன் செய்த தப்பை இன்னொருவன் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, அதற்கு மன்னிப்பும் கேட்கிறான். வாலை இழந்தவன் கேட்கிறான். வரியன் வாய் திறந்தது. உண்மை தொண்டை வரைக்கும் வந்தது.

"சரி... பரவாயில்ல" என்றான். "அடுத்த தடவை பாத்துக்கலாம்."

சொன்ன மறு நொடியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் திரும்பிப் போய்விட்டான்.

மாதுளை கம்பளத்தின் விளிம்பில் காத்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"அவன் மன்னிப்பு கேட்டான்" என்றாள். "நீ வாங்கிக்கிட்ட."

முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். வரியன் அவள் பக்கத்தில் போகக் கூசி, கம்பளத்தின் அந்தக் கோடியில் கூனிக் குறுகிக் கிடந்தான். சாமந்தி அவனைச் சுடவில்லை. அன்றைக்குச் சுட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தான்.

காலையில் தீனி விழுந்தது. வரியன் போகவில்லை. நீலன் வந்து, "வாங்க, முதல்ல நீங்க" என்று கூப்பிட்டான். அந்த மரியாதையைக் கேட்கவே வரியனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்போது பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மெதுவாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது.

"நான் வரியன் அண்ணன் ஆளு... நான், வரியன் அண்ணன் ஆளு... நான்! வரியன்! அண்ணன்! ஆளு!"

வரியன் எட்டிப் பார்த்தான். புள்ளியான்தான். பாறையையே சாமந்தியாக நினைத்துக்கொண்டு, எதிரே நின்று, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான். வால் இல்லாததால் நேராக நிற்க முடியவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து விழுந்தான். எழுந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி சொன்னான்.

வரியனால் அதைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் திரும்பவும் முடியவில்லை.

பத்து மணிக்கு விளக்கு எரிந்தது. சாமந்தி விரிந்தது. புள்ளியான் பாறையை விட்டு வெளியே வந்தான். நீலன் விரட்டவில்லை, யாரும் விரட்டவில்லை. நிதானமாக, மணலில் ஊர்ந்து ஊர்ந்து, கம்பளத்தைப் பார்த்து வந்தான். இந்தத் தடவை ஓடாமல் போய், பேரைச் சரியாகச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவன் எண்ணம். நீலன் மறுபடி விரட்ட வருவதற்குள் அது நடக்க வேண்டும்.

கம்பளத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது வரியன் குறுக்கே பாய்ந்தான்.

"போகாத!"

"ஏண்ணே? இப்போ நல்லா சொல்லிப் பழகிட்டேன். கேளுங்களேன்."

"பேரு ஒண்ணும் பண்ணாது தம்பி. நான் பொய் சொன்னேன்."

புள்ளியான் புரியாமல் பார்த்தான். வரியன் ஒரே மூச்சில் கொட்டினான்.

"அவளுக்குக் காது கிடையாது. நான் யாரையும் அதட்டி உள்ள போகல. முதல் நாள் தொட்டதும் சுட்டுது. கத்திட்டு ஓடிப்போய் அந்தக் குழாய்க்குப் பின்னால மூணு நாள் அழுதுக்கிட்டுக் கிடந்தேன். அப்புறம் யாருக்கும் தெரியாம, தொட்டுத் தொட்டு, சூடு வாங்கி வாங்கித்தான் உள்ள போனேன். அதுவும் எங்க இனத்துக்குத்தான் முடியும். நீ போனா செத்துப்போவ."

இதைக் கேட்டு எல்லாரும் காறித் துப்புவார்கள் என்று நினைத்தான். யாரும் துப்பவில்லை. அதைவிட மோசமானது நடந்தது. யாரும் நம்பவில்லை.

"தம்பிக்குத் தன்னடக்கம்" என்றாள் மீசை.

புள்ளியானின் முகம் வாடிவிட்டது. "உங்க வீட்டுல எனக்கு இடம் குடுக்க இஷ்டமில்லன்னா நேராவே சொல்லுங்கண்ணே. எதுக்கு இப்படியெல்லாம் சொல்லணும்? தினமும் அவ உங்க பேச்சு கேக்கறதை நானே பாத்திருக்கேன்ல?"

ஒரு மாதமாகச் சோறு போட்டு வளர்த்த பொய், இப்போது வளர்த்தவனையே வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டது. புள்ளியான் அவனைச் சுற்றிக்கொண்டு கம்பளத்தை நோக்கி நகர்ந்தான்.

வரியனுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. நினைக்கும்போதே உடம்பு கூசுகிற வழி.

"நில்லு! எல்லாரும் இங்க வாங்க!" என்று கத்தினான். "நீலா, நீயும் வா. நான் இவளை அதட்டப்போறேன். பாருங்க."

எல்லாரும் வந்தார்கள். வரியன் சாமந்திக்கு முன்னால் போய் நின்றான். விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. சாமந்தி நன்றாக விரிந்து கிடந்தது.

"சுருங்கு!" என்றான்.

விரிந்தது விரிந்தபடி கிடந்தது.

"சுருங்குன்னு சொல்றேன்!"

ஒரு விரல்கூட அசையவில்லை. தண்ணீர் ஓட்டத்துக்கு ஆடியதுதான் மிச்சம்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்கண்ணே" என்றான் புள்ளியான். அவன் குரலில் இன்னும் நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கைதான் வரியனை அறுத்தது.

சத்தமாகச் சொன்னான். இன்னும் சத்தமாகச் சொன்னான். முன்னால் போய், பின்னால் போய், மேலே எழும்பி நின்று, செவுள் வலிக்கக் கத்தினான். "நான் வரியன்! வரியன் சொல்றேன்! சுருங்கு!" காதில்லாத ஒரு பிராணி முன்னால், தொட்டி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தன் பேரைத் தானே கூவிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பதினைந்து தடவை கூவினான். நடுவில் நிறுத்திவிட்டால், இன்னும் கத்தியிருந்தால் கேட்டிருப்பாள் என்று புள்ளியான் நம்பிவிடுவானோ என்ற பயத்தில் குரல் உடையும்வரை கூவினான்.

நீலன் முதலில் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்காததைப் பார்த்து அவனும் நிறுத்திவிட்டான். மீசை பாறையைத் துடைக்கிற மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கதையை வீடு வீடாகச் சேர்த்தவள் அவள் அல்லவா?

"விளக்கு எரிஞ்சாத்தான் அவ விரிவா" என்றான் வரியன், கட்டிப்போன குரலில். "அணைஞ்சாத்தான் சுருங்குவா. நான் நேரத்தைப் பாத்து வெச்சிக்கிட்டு உங்களை ஏமாத்தினேன். நேத்து இவன் சாகக் கிடந்தப்போகூட இழுக்காம நின்னு அதட்டிக்கிட்டிருந்தேன். நீங்க பாக்குறீங்கன்னு."

புள்ளியான் சாமந்தியைப் பார்த்தான். வரியனைப் பார்த்தான். பிறகு தன் வால் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். பாறையடிக்குத் திரும்பி ஊர்ந்தான்.

அங்கே போய் மணலைத் தோண்ட ஆரம்பித்தான். உளுவை மீனுக்குத் தெரிந்த பிழைப்பு அதுதானே? பாறைக்கு அடியில் தன் உடம்பு மட்டும் நுழைகிற மாதிரி ஒரு வளை வெட்டிக்கொண்டால், எந்த நீலனும் உள்ளே வர முடியாது. ஆனால் வால் இல்லாமல் உந்தித் தோண்ட முடியவில்லை. ஒரு வாய் மணலை எடுத்தால் உருண்டு விழுந்தான்.

வரியன் போனான். யாரும் கூப்பிடவில்லை, போனான். வளையை அடைத்துக்கொண்டிருந்த சிப்பித் துண்டுகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வெளியே கொண்டுபோய்ப் போட்டான். புள்ளியான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் நீலன் பழக்கதோஷத்தில் பாய்ந்து வந்தான். வரியன் திரும்பி நின்று, அதட்டாமல், ஒரு கடி கடித்தான். நீலன் போய்விட்டான்.

மாதுளையும் வந்து சேர்ந்துகொண்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து லூர்து டீச்சர் திரும்பும் நேரத்தில் வளை முடிந்துவிட்டது. புள்ளியான் உள்ளே நுழைந்து, திரும்பி, தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

"அண்ணே."

இன்னும் அண்ணே என்றுதான் கூப்பிட்டான். வரியனுக்குத் தலை நிமிரவில்லை.

"பேரு இருக்கே, அது போதும்னுதான் நான் வளையே வெட்டாம இருந்துட்டேன். நான் கேட்ட அன்னிக்கே நீங்க இதைச் சொல்லியிருந்தா, என் வால் இருந்திருக்கும்லண்ணே?"

"இருந்திருக்கும்" என்றான் வரியன்.

நீதி: தன் வெட்கத்தை மூட ஒருவன் சொல்லும் பொய், அவனை நம்பியவரையே முதலில் சுடும்.